மேரி டிரெஸ்லருக்கு நான்கு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். மாலைநேரத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் நாளிதழைக் கைபேசியில் படிக்கிறேன். ஞாயிறு இணைப்பை மட்டும் ஒரு வரி விடாமல் படித்துவிடுவது பழக்கம்.

அந்த இணைப்பில் அண்மையில் உலக சினிமாவின் நகைச்சுவை நடிகைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கனடாவில் பிறந்த மேரி டிரெஸ்லருக்கு அதில் கிடைத்தது நான்கே வரி. பருத்த உடம்பு, அழகில்லாத முகம், அதையே மூலதனமாக்கிச் சிரிக்க வைத்தார், ஆஸ்கர் வாங்கினார். அவ்வளவுதான். அடுத்த பத்தியில் நம் ஆச்சி மனோரமாவுக்கும் கோவை சரளாவுக்கும் ஏறக்குறைய இதே மரியாதைதான். படித்ததும் எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. சாப்ளினைப் பற்றி எழுதுகிறவர்கள் யாராவது, ஆள் குள்ளம், அதனால் ஜனங்கள் சிரித்தார்கள் என்று எழுதி முடித்துக்கொள்கிறார்களா? நாகேஷ் ஒல்லியாக இருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோமா? அவர் கால் எப்படி ஆடியது, வசனத்தை எந்த வேகத்தில் விட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பெண்ணாக இருந்தால் மட்டும் எடை போட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

மேரி டிரெஸ்லரை எனக்குப் பழக்கிவிட்டது என் பேத்தி. அவள் கல்லூரியில் சினிமா படிக்கிறாள். அவளுடைய மடிக்கணினியில் ஒரு மழைநாளில் 1914-ல் வந்த ஊமைப்படத்தைப் போட்டாள். சாப்ளின் படம், பார் ஆயா என்றாள். பார்த்தால் அது சாப்ளின் படமே இல்லை. கதாநாயகி ஒரு பெரியம்மா! பெயர் 'டில்லீஸ் பங்சர்ட் ரொமான்ஸ்'. முழுநீள நகைச்சுவைப் படங்களில் முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். சாப்ளின் அப்போது சினிமாவுக்குள் நுழைந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேரியோ நியூயார்க் மேடையில் பெரிய பெயர். 1910-ல் அவர் நடித்து வெற்றிபெற்ற மேடை நாடகத்தின் பாத்திரத்தை வைத்துத்தான் படமே எடுத்தார்கள். எடுத்த மாக் சென்னட்டும் கனடாக்காரர்தான், கியூபெக் மாகாணத்தவர்.

அந்தப் படத்தில் மேரி ஒரு பண்ணை வீட்டுப் பெண். முற்றத்தில் நாய்க்குச் செங்கல்லை எறிந்து விளையாடுகிறார். அந்தச் செங்கல் நேரே வந்து சாப்ளின் தலையில் விழுகிறது. பணத்துக்காக அவரை ஏமாற்றும் நகரத்துக்காரன் வேடம் சாப்ளினுக்கு. மேபல் நார்மண்ட் அவனுடைய கூட்டாளி. ஓர் உணவு விடுதியில் முதன்முறையாக மது உள்ளே போனதும் மேரி ஆடுகிற ஆட்டத்தைப் பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்பு, ஆனால் ஓர் அடிகூடத் தாளம் தப்பி விழுவதில்லை. தடுமாறுவதுபோல் காட்டுவதற்கு முதலில் தடுமாறாமல் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 45. மேடையில் முப்பது வருஷம் உழைத்த கால் அது. கடைசியில் ஏமாற்றப்பட்ட இரண்டு பெண்களும், இவன் நம் இருவருக்குமே ஆகாதவன் என்று முடிவுகட்டி ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். 1914-ல் இப்படி ஒரு முடிவு! பேத்தியும் நானும் கைதட்டினோம்.

அவருடைய வாழ்க்கைக்கு வருகிறேன். ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் கோபர்க் என்ற சிற்றூரில் 1868-ல் பிறந்தார். சொந்தப் பெயர் லைலா மேரி கோர்பர். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்த இசை ஆசிரியர், முன்கோபக்காரர். பதினான்கு வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். குடும்பப் பெயரை மேடையில் போடக்கூடாது என்று அப்பா சொன்னதால் அத்தை ஒருவரின் பெயரை வைத்துக்கொண்டார். பாடகியாக வேண்டும் என்பதுதான் ஆசை. நல்ல குரலும் இருந்தது. கோரஸில் பாடினார், சிறு சிறு வேடம் கட்டினார், கம்பெனி நொடித்துப்போனால் அடுத்த கம்பெனி தேடினார். உனக்கு நகைச்சுவைதான் வழி என்று அனுபவசாலிகள் சொல்ல, 1896 வாக்கில் நியூயார்க்கில் பெயர் எடுத்தார். நம் பாய்ஸ் கம்பெனிக் கதைகளைப் படித்தவர்களுக்கு இந்தப் பாதை புதிதாக இராது.

1919-ல் நடந்ததைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுதவே கூடாது. அந்த ஆண்டு நியூயார்க் நாடகக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரஸில் ஆடும் பெண்களுக்கு ஒத்திகை நாள்களுக்குச் சம்பளமே கிடையாது. செருப்பும் காலுறையும்கூடச் சொந்தக் காசில் வாங்கவேண்டும். அந்தப் பெண்களுக்கென்று சங்கம் பிறந்தபோது அதன் முதல் தலைவியாக நின்றவர் மேரி டிரெஸ்லர். அவர் அப்போது முன்னணி நட்சத்திரம், கோரஸ் பெண் அல்ல. முதலாளிகள் பக்கம் போய் நின்றிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தானும் கோரஸில் நின்று வந்தவள் என்பதை அவர் மறக்கவில்லை. நேட்டாலில் 1913-ல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்திய கூலிகளின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நாங்கள். அதனால் இந்தப் பகுதியை நான் இரண்டு முறை படித்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை வருவது குறைந்துபோனது. 1920-களில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருந்தார். வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. ரசனையும் மாறிவிட்டது. ஒரு நடிகையின் கதை சாதாரணமாக இங்கேயே முடிந்துபோகும்.

முடியாமல் காப்பாற்றியது ஒரு பெண்ணின் பேனா. பிரான்சஸ் மரியன் அந்தக் காலத்து ஹாலிவுட்டில் மிகப் பெரிய கதாசிரியை. மேரி வேலையில்லாமல் இருப்பதைக் கேள்விப்பட்டு, 1927-ல் அவருக்காகவே ஒரு வேடம் வரும்படி எம்ஜிஎம் நிறுவனத்தில் ஏற்பாடு செய்தார். அந்தப் படம் அயர்லாந்துக்காரர்களைக் கேலி செய்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. படத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் ராசியில்லை என்று ஒதுக்கியிருப்பார்கள். மரியன் விடவில்லை. 1930-ல் கிரேட்டா கார்போ பேசும் முதல் படமான 'அன்னா கிறிஸ்டி'யில் மார்த்தி என்ற குடிகாரக் கிழவி வேடத்தை மேரிக்குக் கொடுக்க வைத்தார். கார்போ பேசுகிறார் என்று விளம்பரம் செய்து கூட்டத்தைச் சேர்த்தது நிறுவனம். கூட்டம் கார்போவைப் பார்க்க வந்து மேரியையும் பேசிக்கொண்டே வெளியே போனது.

அந்த மதுக்கடைக் காட்சியை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் கார்போ, இந்தப் பக்கம் மேரி. கார்போ பேசும்போது மேரி வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தில் என்னென்னவோ நடக்கிறது. தன்னோடு படகில் குடித்தனம் நடத்தும் கிழவனின் மகள்தான் இந்தப் பெண் என்று அவருக்குப் புரிகிறது. தான் அந்தப் படகைவிட்டுப் போய்விடவேண்டும் என்பதும் புரிகிறது. வாயோரம் கேலி மாறவில்லை, கண் மட்டும் மாறிவிடுகிறது. உடம்பின் பருமனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்.

அதே ஆண்டு 'மின் அண்ட் பில்'. துறைமுகத்தில் மட்டமான விடுதி நடத்தும் மின் என்ற பெண்ணாக மேரி. அவரோடு மீன்பிடிப் படகுக்காரர் பில்லாக வாலஸ் பீரி. பில் இன்னொருத்தியோடு பல்லைக் காட்டினான் என்று மின் அவனை அறைக்குள் வைத்துப் புரட்டி எடுக்கும் சண்டை ஒன்று உண்டு. கையில் அகப்பட்டதெல்லாம் பறக்கிறது. என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் கதை அது இல்லை. யாரோ விட்டுப்போன ஒரு பெண்குழந்தையை மின் வளர்க்கிறாள். அந்தப் பெண் நல்ல இடத்தில் வாழ்க்கைப்படும் வேளையில், பெற்றவள் பணம் பறிக்க வந்து நிற்கிறாள். அவளை மின் சுட்டுவிடுகிறாள். மகள் புருஷனோடு கப்பலேறிப் போவதைக் கூட்டத்துக்குள் நின்று பார்க்கிறாள். மகளுக்கு ஒன்றும் தெரியாது. போலீஸ் வந்து தோளைத் தொடும்போது மின்னின் முகத்தில் ஒரு சிரிப்பு. நடிப்பு தெரிந்தவர்களுக்கே அந்தச் சிரிப்பு வரும். சிரிக்க வைத்த முகத்தை வைத்தே அழ வைத்துவிடுகிறார்.

இந்த வேடம் எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்றால், நான் வளர்ந்தது வார்விக் அவென்யூ காலைச் சந்தையில். என் அம்மா அங்கே கடை போட்டிருந்தார். விடியாத நேரத்தில் மேசையில் ஈரச்சாக்கை விரித்து, கொத்தமல்லிக் கட்டு, முருங்கைக்காய், மடும்பிக் கிழங்கு எல்லாவற்றையும் அடுக்குவோம். அடுத்த மேசைக்கார ஆயா நல்ல கனத்த உடம்பு. உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருக்கும். நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி அடிக்கடி வந்து, மேசை கோடு தாண்டியிருக்கிறது என்று அபராதம் எழுதிக்கொண்டு போவார். அவர் முதுகு திரும்பியதும் ஆயா இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, முருங்கைக்காய் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கி, அவர் நடையையே நடந்து காட்டுவார். கழுத்தை எப்படி வைத்துக்கொள்வார், எந்த மேசைக்கு முன்னால் மூக்கைச் சுளிப்பார், பென்சிலை எப்படி நாக்கில் தொட்டுக்கொள்வார், ஒன்றும் தப்பாது. வரிசை முழுக்கச் சிரிப்பு. வாங்க வந்த ஜூலுப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். பாஷையே வேண்டாம் அதற்கு.

அந்த ஆயாவைப் பார்த்து நாங்கள் சிரித்தது அவர் குண்டாக இருந்ததாலா? அப்படியென்றால் அவர் சும்மா உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போதும் சிரித்திருக்க வேண்டுமே. அந்த அதிகாரியை அவர் அவ்வளவு கூர்மையாகக் கவனித்திருந்தார், அந்தக் கவனிப்புக்குத்தான் சிரித்தோம். வீடிருந்த இடம் வெள்ளையருக்கு என்று அரசாங்கம் அறிவித்து, குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த்துக்கு மாறச்சொல்லிக் கடிதம் வந்த அன்று அதே ஆயா மேசையில் தலை வைத்துப் படுத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். மேரி டிரெஸ்லரின் மின்னைப் பார்த்தபோது, இந்தக் கனடாக்காரி எங்கள் சந்தைக்கு எப்போது வந்துபோனாள் என்றுதான் தோன்றியது.

சரி, ஆஸ்கருக்கு வருகிறேன். 'மின் அண்ட் பில்' படத்துக்காக 1931 நவம்பர் 10-ம் தேதி சிறந்த நடிகை விருது வாங்கினார். முந்தைய நாள்தான் 63 வயது முடிந்திருந்தது. இன்னொன்று சொல்கிறேன், உங்கள் வாசகர்களுக்குப் பிடிக்கும். அந்த விருது தொடர்ந்து மூன்று முறை கனடாவில் பிறந்த பெண்களுக்கே போனது. முதலில் டொரண்டோவின் மேரி பிக்ஃபோர்ட், அடுத்து மொன்றியலின் நோர்மா ஷியரர், மூன்றாவது கோபர்க்கின் மேரி டிரெஸ்லர். முதல் இருவரும் இளமையும் அழகும் உள்ள நாயகிகள். மூன்றாமவர் பாட்டி. 1932-லும் 1933-லும் அமெரிக்கத் திரையரங்க உரிமையாளர்களிடம், யார் படத்துக்கு வசூல் அதிகம் என்று கேட்டபோது, இரண்டு ஆண்டும் முதலிடம் மேரி டிரெஸ்லருக்குத்தான். கார்போவும் கிளார்க் கேபிளும் இருந்த காலத்தில்! 1933 ஆகஸ்டில் 'டைம்' பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது. நாடு முழுக்க வேலையில்லாமல் திண்டாடிய பஞ்ச காலம் அது. ஜனங்கள் கையிலிருந்த சில்லறையைக் கொடுத்துப் பார்க்க விரும்பியது, தங்கள் வீட்டில் இருப்பதுபோன்ற, வாழ்க்கையில் அடிபட்ட ஒரு முகத்தை.

1933-ல் 'டக்போட் ஆனி' வந்தது. இழுவைப் படகு ஓட்டும் பெண் தலைவி. குடிகாரப் புருஷன், கடனில் இருக்கும் படகு. டர்பன் துறைமுகத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா இருந்திருந்தால் அவரை உட்கார வைத்துக் காட்டியிருப்பேன். அதே ஆண்டு 'டின்னர் அட் எய்ட்'. அதில் சந்தை வேடமே இல்லை. பட்டும் ரோமமும் போர்த்திய, காலம் கடந்துபோன மேடை நட்சத்திரமாக வருகிறார். கடைசிக் காட்சியில் எல்லாரும் சாப்பிடப் போகிறார்கள். இளம் அழகி ஜீன் ஹார்லோ பக்கத்தில் நடந்தபடி, தான் ஒரு புத்தகம் படித்ததாகச் சொல்கிறார். மேரி நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிடுகிறார். கால் நிற்கிறது, உடம்பு முன்னால் போய்த் திரும்பி வருகிறது, பிறகுதான் முகம் மெல்லத் திரும்புகிறது. மூன்றும் வேறு வேறு நேரத்தில். ஒரு நொடி முன்னே பின்னே ஆகியிருந்தாலும் சிரிப்பு வந்திருக்காது. சினிமா படிக்கும் என் பேத்தி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இதைத்தான் எங்களுக்குச் சொல்லித்தர முடியாமல் வாத்தியார்கள் திண்டாடுகிறார்கள் என்றாள்.

அப்போதே அவருக்குப் புற்றுநோய். கடைசிப் படங்களில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வேலை செய்ய விட்டார்கள். 1934 ஜூலை 28-ம் தேதி, 65 வயதில் காலமானார். பல வருஷம் தன்னோடு இருந்த கறுப்பினப் பணிப்பெண்ணுக்கும் அவர் கணவருக்கும் உயிலில் பணம் எழுதி வைத்திருந்தார். எங்கள் நாட்டில் இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது மனசு நின்று யோசிக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் என்னிடம் ஒன்று கேட்கலாம். மேரி டிரெஸ்லரே 1924-ல் எழுதிய வாழ்க்கைக் கதைக்கு 'அழகற்ற வாத்துக்குஞ்சின் கதை' என்ற பொருளில்தானே தலைப்பு வைத்தார், நாங்கள் சொன்னால் என்ன என்று. வைத்தார்தான். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த காலத்தில், தன் வாயால், தன் கணக்கில் அதைச் சொன்னார். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அவர் உரிமை. அதை நாம் எடுத்து அவர் நெற்றியில் ஒட்டுவது வேறு. அந்தத் தலைப்புக்குப் பிறகுதான் அவர் வாழ்க்கையின் பெரிய வேலையெல்லாம் நடந்தது என்பதையாவது எழுதியிருக்கலாம்.

ஆச்சிக்கும் இதையே சொல்கிறேன். 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக வந்தாரே, எங்கள் வீட்டில் அதைப் பார்க்காதவர் கிடையாது. இங்கே பிறந்து வளர்ந்து, தமிழ் பாதி புரியாத என் மருமகன்கூட அவர் வரும் இடத்தில் தலையை நிமிர்த்துவார். நாடகக் கொட்டகைக்காரியின் படபடப்பு, பேச்சில் அந்தத் துள்ளல், நடுவில் சட்டென்று எட்டிப்பார்க்கும் ஏக்கம். அங்கே அவர் என்ன செய்கிறார் என்று யாராவது அக்கறையாக எழுதுங்கள். 'அறிவாளி' படத்தில் பூரி சுடும் காட்சியில் தங்கவேலுவோடு டி.பி. முத்துலட்சுமி பேசுவதைக் கேளுங்கள். தங்கவேலு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க, எல்லாம் தெரிந்ததுபோல் அவர் வெட்டி வெட்டிப் பேசும் அந்தச் சுருதி பிசகினால் தங்கவேலுவின் கோபத்துக்கு வேலையே இல்லை. டி.ஏ. மதுரம் இல்லாமல் கலைவாணர் பாதி. இதெல்லாம் நமக்குத் தெரியும், பேசிக்கொள்கிறோம். எழுதும்போது மட்டும் ஏன் பல்லும் பருமனும் முன்னால் வருகிறது?

இங்கே எங்கள் கோவில் மண்டபங்களில் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பெண்கள் சின்னச்சின்ன நாடகம் போடுவார்கள். மாமியார் வேடத்துக்கு எடை கூடிய ஒருவரைப் பிடித்து, நாற்காலி உடைவதுபோல் ஒரு தமாஷ் வைப்பார்கள். எங்கள் மாதர் குழுவில் நான் அதை எதிர்த்துப் பேசினேன். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. அப்புறம் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து 'டின்னர் அட் எய்ட்' கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். நாற்காலி தமாஷை விரும்பியவரே எழுந்து, அந்த நின்று திரும்புவதைச் செய்து பார்த்தார். சரியாக வரவில்லை. மறுபடி செய்தார். சாயங்காலம் முழுவதும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பெண்கள் நடந்து நடந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியர் அவர்களே, மேரி டிரெஸ்லரைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உலக நடிகைகளோ நம் நடிகைகளோ, யாரைப் பற்றி எழுதினாலும் எந்தக் காட்சியில் என்ன செய்தார்கள், யார் அவர்களுக்கு எழுதினார்கள், எத்தனை வருஷம் மேடையில் பழகி வந்தார்கள் என்பதை எழுதச் சொல்லுங்கள். பிரான்சஸ் மரியன் போல, வயதான பெண்ணுக்கென்று உட்கார்ந்து வேடம் எழுதுகிறவர்கள் உங்கள் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள். அறுபதைத் தாண்டிய ஒருத்தியை நடுவில் வைத்து எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகங்கள் இருந்தால் உங்கள் பக்கங்களில் வெளியிடுங்கள். வரும் தீபாவளிக்கு நடிக்க எங்களிடம் ஆள் இருக்கிறது, மண்டபமும் இருக்கிறது. நாடகம்தான் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்